கயிறில்லாமல் வாங்கிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் பெயர் மம்மது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். எப்படியும் அவர் இதைப் படிக்கப்போவதில்லை. மாட்டு விலை போடாத எந்தக் காகிதத்தையும் அவர் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவர் தரகர். விற்க வந்தவருக்கும் வாங்க வந்தவருக்கும் நடுவில் நின்று, தோளில் கிடக்கும் துண்டால் கையை மூடி, துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. சந்தையில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை வீட்டிலும் காப்பாற்றிக்கொள்ள அவர் படுத்துகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

மாட்டைப் பார்க்கிற கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்ப்பார். பிரிட்ஜ் வாங்கப் போனபோது அதை அசைத்துப் பார்த்து, பின்பக்கம் குனிந்து பார்த்து, இது எத்தனாவது ஈத்து, எத்தனை கன்று போட்டது என்று கடைக்காரரிடம் கேட்காத குறைதான். எங்கள் மகள் ரஸியாவைப் பெண் பார்க்க வந்த ஷபீர் ஏதோ பேச்சுக்குச் சிரித்தபோது, இவர் மாப்பிள்ளையின் பல்வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, "கடவாய்ப் பல்லு நல்லா இருக்குது ஷரீஃபா, நம்பிக் குடுக்கலாம்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஷபீர் நல்ல பிள்ளையாகவே அமைந்தான். இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அதையும் இவர் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார்.

எனக்குச் சந்தை முக்கில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிற யாருக்கும் வாய் நீளத்தான் செய்யும்.

கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். ரஸியா கோயம்புத்தூரில் வி.ஆர். படிப்பு படித்தவள். கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் ஒரு ஹெட்செட் உண்டல்லவா, அதை மாட்டினால் நாம் வேறொரு இடத்துக்குள் நிற்பது போலவே தெரியும். அப்படிப்பட்ட இடங்களைக் கம்ப்யூட்டரில் கட்டுவதுதான் அவள் படிப்பு. படித்து முடித்ததும் பெங்களூரில் வேலை கிடைத்தது. அதற்குள் பேத்தி ஜெஸ்னா பிறந்துவிட்டாள். கைக்குழந்தையோடு அங்கே போய் யார் துணையில் இருப்பது? வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். அதன் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. என்மேல் கோபமில்லை, உலகத்தின்மேல் கோபம். ஆனாலும் பக்கத்தில் இருந்தவள் நான்தானே.

பிறகு மார்கழியில் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் ஹெட்செட்டுக்குள் ஓட்டிப் பழகுவார்களாம். அந்தப் பாடங்களைச் செய்கிற கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் ஒரு பரீட்சை உண்டு. பொங்கலுக்கு மறுநாள் காலையில் அவர்கள் ஒரு வேலை அனுப்புவார்கள். அவரவர் சொந்தக் கம்ப்யூட்டரில், சொந்த ஹெட்செட்டில் செய்து, அன்று மாலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

ஹெட்செட்டை ஷபீர் ஷார்ஜாவிலேயே வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டான். கம்ப்யூட்டர்தான் இல்லை. அவளுடைய பழைய லேப்டாப்பில் அந்த ஹெட்செட்டை மாட்டினால் படம் விட்டுவிட்டு வந்தது. நான் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, தலை சுற்றி, கடையில் இருந்த இஞ்சி மிட்டாயை எடுத்துத் தின்றேன்.

"கிராபிக்ஸ் கார்டு பலமா இருக்கோணும்மா" என்று ரஸியா விளக்கினாள். "படம் ஒரே சீரா ஓடோணும். கொஞ்சம் தவறுனாலும் வாந்திதான் வரும். அதனால பாதிப் பணம் கார்டுக்கே போகட்டும். மத்ததெல்லாம் சிக்கனமாப் பாத்துக்கலாம்."

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த அறுபதாயிரம் அவளிடம் இருந்தது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் அதற்குள் அடங்காது. ஆகவே பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. நான்கும் கடையில் பில்லோடு புதிது. கார்டு மட்டும் செகண்ட் ஹாண்ட். மானிட்டருக்குப் பதில் வீட்டு டிவி. கீபோர்டு அவள் கல்லூரியில் வைத்திருந்ததே போதும். இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'செகண்ட் ஹாண்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"பழசு வாங்கறதுன்னா நான் வராம வாங்கக் கூடாது" என்றார்.

"ஏனுங்க, அது மாடில்லீங்க" என்றேன்.

"விக்கிறவன் மனுசன்தான?"

நான் குழந்தையை வைத்துக்கொண்டு கடையில் இருக்க, அப்பனும் மகளும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார்கள்.

அன்று நடந்ததை ரஸியா வந்து சொல்லி, நானும் அவளும் சிரித்துச் சிரித்து ஜெஸ்னாவை எழுப்பிவிட்டோம். முதல் கடையில் பத்து நிறத்தில் விளக்கெரிகிற கண்ணாடிக் கம்ப்யூட்டர் கேபினெட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்களாம். இவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு, "கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, கழுத்துக்குச் சலங்கை கட்டியிருக்கான். அப்பிடின்னா உள்ள ஏதோ நோவு இருக்குது" என்றாராம், கடைக்காரர் காதில் விழும்படி. ரஸியாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் விளக்குக்குக் கொடுக்கிற காசு வீண் என்பது அவளுடைய கணக்கும்தான். சாதாரணக் கேபினெட் ஒன்றை ஆன்லைனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். மதர்போர்டு அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததால் அதை வாங்கக் கூடாது என்று இவர் அரைமணி நேரம் வாதாடினாராம். மூலை நசுங்கியது அட்டைப்பெட்டிக்கு, போர்டுக்கு இல்லை என்று சொன்னால், "பொறக்கும்போதே அடிபட்டது" என்றாராம்.

கார்டு விற்கிற பையன் குனியமுத்தூரில் இருந்தான். பெயர் நவீன்குமார். மேல்படிப்புக்கு அயர்லாந்து போகிறான், அதனால் தன் கேமிங் கம்ப்யூட்டரைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தான். ரஸியா கார்டை அவன் கண்முன்னாலேயே ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தாள். இவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கார்டிலிருந்து வரும் காற்றில் கையை நீட்டிச் சூடு பார்த்தார், காதைக் கிட்டே வைத்துச் சத்தம் கேட்டார். பிறகு அதைக் கழற்றச் சொல்லி, மதர்போர்டில் செருகுகிற இடத்தில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்குமே, அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பல்லு தேயல" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இந்தப் பொருளுக்கும் பல் இருந்துவிட்டதே.

விலை பேசும்போது துண்டை எடுத்துப் பையனின் கையை மூடி விரலைப் பிடித்தாராம். பையன் பயந்துபோய், "அங்கிள், என்னங்க பண்றீங்க?" என்று கத்தியிருக்கிறான். அவன் அம்மா கமலாத்தாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாராம். அவர் கிணத்துக்கடவுப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிறந்த வீட்டில் கட்டுத்தரை நிறைய மாடு. துண்டுக்குள் விரல் பிடிப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். "பயப்படாத சாமி, வெல பேசறாரு" என்று மகனைத் தேற்றிவிட்டு இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாராம்.

அந்தப் பையனிடம் ஒரு எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. பொதுவாக அதைப் பழசாக வாங்கக் கூடாது என்பாள் ரஸியா. இது நல்ல தயாரிப்பு, வாரண்டியும் பாக்கி இருந்தது, அதனால் அதையும் சேர்த்து வாங்கிவிட்டாள். பணம் கொடுத்து முடித்ததும் அவளுக்கு என்னிடமிருந்து போன். ஜெஸ்னா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிக்கொண்டிருந்தாள். ரஸியா போனோடு வாசலுக்குப் போனாள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் இவர் காரியத்தைக் கெடுத்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, ஆனாலும் கதை புரிய இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாட்டை விற்றால் கயிற்றை விற்கக் கூடாது. எங்கள் சந்தையில் இது எல்லா மதத்துக்காரருக்கும் பொது. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். வாங்கியவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போவார். பழைய கயிறும் மாட்டோடு போனால் கட்டுத்தரையின் ராசியும் கூடவே போய்விடும் என்பது நம்பிக்கை. வாங்குகிறவர் கயிற்றைக் கேட்பது பெரிய அவமரியாதை. அப்படிக் கேட்ட ஒருவரோடு இவர் பல வருஷம் பேச்சை நிறுத்தியிருந்தார்.

நவீன்குமார் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அட்டைப்பெட்டியில் வைத்து, அதற்குரிய கேபிள்களைத் தனியாக ஒரு துணிப்பையில் கொடுத்திருக்கிறான். அந்த வகைப் பெட்டியில் கேபிள்கள் ஒட்டியிருக்காது, தனியாகக் கழற்றி மாட்டலாம். இவர் பையைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, நீளநீளமாக, சுருட்டிக் கட்டிய கேபிள்கள். உடனே பையை மூடி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது உங்களதுங்க தம்பி. நாங்க புதுசு வாங்கிக்குவோம்."

"இல்லீங்க அங்கிள், இது அதுகூட வர்றதுங்க."

"வேண்டாம் சாமி. தூர தேசம் போற புள்ள. உங்க ஊட்டு ராசி உங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

கமலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "எத்தனை பேரு வந்து சாமான் வாங்கீட்டுப் போனாங்க, ஒருத்தருக்கு இப்பிடித் தோணுச்சுங்களா பாய்?" என்றாராம். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் ரஸியா ராம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடையில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே தடிமனான, புதிதாகத் தெரிந்த கேபிள் கட்டு ஒன்றை எடுத்தார். "எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு" என்றாராம்.

கேபினெட் பொங்கலுக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. பொங்கலன்று காலை ரஸியா கூடத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். நான் ஜெஸ்னாவை இடுப்பில் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் ஸ்குரூவை வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க. ரஸியா பிராசசரை வைத்தாள், ராமைச் செருகினாள், கார்டைப் பொருத்தினாள். என் மகள் கையில் அந்த வேலை அவ்வளவு லாவகமாக வந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. இவர் கேபிள் பையை எடுத்து நீட்டினார். "புதுசு" என்றார். அந்தப் பையனே புதிதாக ஒரு செட் கொடுத்திருக்கிறான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். துளைகளும் பொருந்தின. மாட்டினாள். பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டாள்.

'டப்' என்று ஒரு சத்தம். கேபினெட்டிலிருந்து மெல்லியதாகப் புகை வந்தது. கரண்ட் பெட்டி தானே அணைந்துகொண்டது. பிளாஸ்டிக் கருகின வாடை கூடத்தில் நிறைந்தது.

ரஸியா பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. எரிந்திருந்தது. கேபிளின் முனையையும் பெட்டியில் இருந்த எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அத்தா, இந்தக் கேபிள நவீன் குடுத்தானா?"

"இல்ல கண்ணு. அது அவங்க கயிறு. நான் புதுசு வாங்கினேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் பெட்டியின் பக்கத்தில் கம்பிகளை வேறு வேறு வரிசையில் வைக்கும், துளை பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும், உள்ளே வருகிற கரண்ட் வேறு என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மதர்போர்டும் கார்டும் பிழைத்தனவா என்பது சரியான கேபிளை மாட்டினால்தான் தெரியும். சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள் அழுததை நான் பார்க்கக் கூடாதென்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அவள் திட்டவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் திட்டினேன். "கரண்டு பெட்டிக்கும் காங்கேயம் காளைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனா நீங்க? அந்தப் பையன் வாயைத் தொறந்து சொல்லியிருக்கானில்ல? கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்று ஆரம்பித்தேன், எங்கே முடித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. பக்கத்து வீட்டுப் பொங்கல் பானைக்கு யாராவது குலவை போட்டிருந்தால் அது என் சத்தத்தில் கேட்டிருக்காது. இவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அப்படி அவர் சும்மா நின்றதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பரீட்சை. பொங்கலன்று கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையும் திறந்திருக்காது. ஆன்லைனில் சொன்னாலும் நாலு நாள் ஆகும். இருந்த ஒரே வழி அந்தத் துணிப்பை. ரஸியா நவீன்குமாருக்குப் போன் போட்டாள். "கேபிள் இங்கதானுங்க இருக்குது, வாங்க. சாயங்காலம் ஏர்போர்ட் கெளம்பறனுங்க" என்றான் அவன்.

இந்தத் தடவை நானும் கிளம்பினேன். இவரை நம்பி இனி ஒரு நூல்கண்டு வாங்கவும் அனுப்புவதாக இல்லை. கடையைச் சாத்தினேன். ஜெஸ்னாவைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் உக்கடம் பஸ்ஸில் ஏறினோம்.

குனியமுத்தூர் வீட்டு வாசலில் பெரிய கோலம். உள்ளே சொந்தக்காரர்கள் நிறையப் பேர். நடுக்கூடத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ். கமலாத்தாள் எங்களைப் பார்த்ததும் வாங்கோ வாங்கோ என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நவீன்குமார் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அம்மா, அந்தக் கேபிள் பையக் குடும்மா. அவங்களுக்கு அது வேணுமாம்."

கமலாத்தாளின் முகம் மாறியது. நான் அப்போதுதான் சாமி அலமாரியைப் பார்த்தேன். முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் அந்தத் துணிப்பை தொங்கியது. அதற்கு மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்.

"அதெப்பிடிடா குடுக்கறது? நீ இன்னைக்கு ஏரோப்பிளேன் ஏறப் போற."

"அம்மா, அது வெறும் கேபிளும்மா."

"அன்னைக்குப் பாய் சொன்னத நீயும்தான கேட்ட? ஊட்டு ராசி ஊட்டுலயே இருக்கட்டும்னாரு. நான் ஒரு வாரமாச் சாமி கும்புட்டு வெச்சிருக்கறேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. ஒரே பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பப் போகிற பெண். அவரிடம் நான் எந்த வாயால் கேட்பது? ரஸியா தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருந்த பொங்கலைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் அதில் விழுந்தது. அதைக் கமலாத்தாளும் பார்த்தார்.

இவர் எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். யாரிடமும் கயிறு கேட்டிராத மனிதர்.

"அக்கா, கயிறு கேட்டுத்தானுங்க வந்திருக்கறேன். எம்புள்ளைக்கு நாளைக்குப் பரிச்ச. இது இல்லாட்டி அவளுக்கு அந்த வேல இல்லீங்க. தப்பு என்னுதுதான். தம்பி குடுத்தாரு, நான்தான் வேண்டாம்னேன்."

கமலாத்தாள் அவரையே பார்த்தார். "நெசமாச் சொல்லுங்க பாய். கயித்துல ராசி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

எனக்கு அவரைத் தெரியும். மாட்டுக்குச் சுழி பார்க்காமல் ஒரு நாள் கழித்தவர் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் அத்தா விற்ற பசுவின் கயிறு இன்றைக்கும் எங்கள் வீட்டு உத்திரத்தில் இருக்கிறது, வெள்ளையடிக்கும்போதுகூட அதை எடுக்க விடமாட்டார்.

"இல்லீங்க அக்கா" என்றார். "அதெல்லாம் சும்மா. மாட்டுக்காரங்க பேச்சுங்க. வெறுங்கயிறுதான்."

"அப்பறம் ஏனுங்க அன்னைக்கு வாங்கல?"

"அன்னைக்குத் தரகனா வந்தனுங்க. இன்னைக்கு இவளுக்கு அத்தாவா வந்திருக்கறேன்."

கமலாத்தாள் போய் ஆணியிலிருந்து பையை எடுத்து, இரண்டு கையாலும் ரஸியாவிடம் கொடுத்தார். "நல்லாப் பரிச்ச எழுது அம்மிணி" என்றார். இவரிடம் திரும்பி, "எம்பையனுக்காக நீங்களும் வேண்டிக்கோணும் பாய்" என்றார். "வேண்டிக்கறனுங்க. அவரு எறங்குனதும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க" என்று சொல்லி இவர் தன் நம்பரைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, லேப்டாப்பில் இருந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் புதிய கேபினெட்டில் வைத்து, மஞ்சள் வாசனை அடிக்கும் அந்தக் கேபிள்களை ரஸியா ஒவ்வொன்றாக மாட்டினாள். மறுபடி பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டாள். மின்விசிறி சுற்றியது. டிவியில் எழுத்து வந்தது. அவள் போட்ட கூச்சலில் ஜெஸ்னா பயந்து அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கலாக இருந்தாலும் சந்தை நாள். காய்ச்சல் வந்தாலும் சந்தைக்குப் போகிறவர் அன்றைக்குப் போகவில்லை. ரஸியா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அறையில் கையை நீட்டி, குனிந்து, ஆகாயத்தில் எதையோ பிடித்துத் திருப்பி வேலை செய்துகொண்டிருந்தாள். ஜெஸ்னாவை என் கடைக்குத் தூக்கி வந்து இவர் வைத்துக்கொண்டார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன். அரிசி வாங்க வந்தவர்கள், "என்னுங்க ராவுத்தரே, சந்தைக்குப் போகல?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். மகளுக்காகத்தான் இப்படித் தவிக்கிறார் என்று நினைத்தேன்.

மாலையில் ரஸியா கடைக்கு ஓடி வந்தாள். நெற்றியில் ஹெட்செட் அழுந்திய தடம். "முடிச்சு அனுப்பீட்டேன் அத்தா! ஒரு தடவகூட நிக்கல. கார்டு பிரமாதம்!" என்றாள்.

"நல்லது கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி போனைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, அவ பாட்டுக்கு நாளெல்லாம் கெடந்து முடிச்சுட்டு வந்திருக்கா. ஒரு வார்த்த வாயாரச் சொன்னா என்ன?"

"அந்தப் பையன் இன்னும் எறங்கல ஷரீஃபா" என்றார் அவர்.

அப்போதுதான் பார்த்தேன், அவர் கண் சிவந்திருந்தது. அந்த வேலை ரஸியாவுக்கு அடுத்த வாரமே கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில் அவள் எஸ்.எஸ்.டி. வாங்கினாள், எனக்கு ஒரு சேலை எடுத்தாள், எல்லாம் நடந்தது. ஆனால் அந்த மாலையில் அவருக்கு அது எதுவும் கணக்கில் இல்லை.

கடையில் விளக்குப் போடுகிற நேரத்தில் போன் வந்தது. கமலாத்தாள். ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது. "பாய், எம்பையன் நல்லபடியா எறங்கிட்டானுங்க. ரூமுக்குப் போய்ட்டானாமா. அங்க ஒரே குளுராம். உங்க பாப்பா பரிச்ச எழுதீட்டாளுங்களா?"

இவர் போனை நீட்டிவிட்டார். ரஸியாதான் போனை வாங்கிப் பேசினாள். இவர் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"கயித்து ராசியப் பொய்யின்னு சொல்லீட்டேன் ஷரீஃபா" என்றார். "நான் ஒருநாளும் பொய்யின்னு நெனச்சதில்லையே."

ஜெஸ்னா அவர் மடியில் ஏறித் துண்டைப் பிடித்து இழுத்தாள். வாசலில் யாரோ சர்க்கரை கேட்டார்கள். கடை சாத்தியாச்சுங்க, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.